வாத்து பிழைத்தது, மனம் பிழைத்ததா?

நோன்பு என்றால் நாக்கு வாட வேண்டுமா? பாங்காக் தெருக்களில் மஞ்சள் கொடிகள் ஏறும் நாட்களில் இந்தக் கேள்வி என் சமையலறைக்குள் வந்துவிடும். விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் அதன் இன்னொரு பக்கம் தெரியும்.

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாள் இங்கே ‘கின் ஜே’ விழா. ஒன்பது பேரரசத் தெய்வங்களுக்காக எடுக்கும் நோன்பு. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. அவற்றோடு பூண்டு, வெங்காயம், சீனத்துப் பூண்டுத்தாள் போன்ற காரவாசனைப் பொருள்களும் விலக்கு. அவை உடலைச் சூடாக்கி மனத்தைக் கிளறிவிடும் என்பது நம்பிக்கை. கும்பகோணத்தில் என் அம்மா நவராத்திரி முடியும்வரை வெங்காயத்தையும் பூண்டையும் வீட்டுக்குள் விடமாட்டாள். ஏனென்று கேட்டால் ஏறக்குறைய இதே காரணத்தைத்தான் சொல்வாள். இரண்டும் அமாவாசையை ஒட்டித் தொடங்கும் ஒன்பது நாட்கள் என்பதால் பல ஆண்டுகளில் சேர்ந்தே வருகின்றன. 2023, 2024 இரண்டிலும் அப்படித்தான் வந்தன. 2025இல் சீன நாட்காட்டியில் ஒரு மாதம் கூடுதலாக விழுந்ததால் நவராத்திரி செப்டம்பரில் தொடங்க, ஜே அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது. சேர்ந்து வரும் ஆண்டுகளில், சீலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் முனையில் 19ஆம் நூற்றாண்டுத் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் சாமந்தி மாலைகள் குவியும். அங்கிருந்து சிறிது தூரத்தில், யாவராத் சீனர் தெருவில், சிவப்பு எழுத்துப் பொறித்த மஞ்சள் கொடிகள் பறக்கும். மாலை நேரத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வருவது எனக்குப் பிடித்த நடை.

அந்த நோன்புத் தெருவில் எங்கு திரும்பினாலும் எண்ணெய்ச் சட்டி. டோஃபு பொரிகிறது, கிழங்கு பொரிகிறது, கோதுமைப் பசையத்தால் செய்த ‘வாத்து’ பொரிகிறது. எல்லாவற்றுக்கும் நடுவே பொன்னிறத்தில் அடுக்கி வைத்திருப்பது ‘போ பியா தோட்’, தாய்லாந்தின் பொரித்த ஸ்பிரிங் ரோல். தென்சீனக் கடற்கரையிலிருந்து குடியேறிய தியோச்சூ, ஹொக்கியன் மக்களோடு வந்த பண்டம். அவர்கள் ஊரில் வசந்தகாலத்தில் மெல்லிய கோதுமைத் தோலில் காய்கறியைச் சுற்றிப் பொரிக்காமல் உண்பார்கள். அந்தப் பச்சை வகையும் இங்கே உண்டு, ஆனாலும் தாய்லாந்துக்காரர் மனம் முதலில் போவது பொரித்ததன் பக்கம்தான். உள்ளே பாசிப்பயற்று மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸ், கோஸ், கேரட், மரத்தில் காது வடிவில் முளைக்கும் கருங்காளான். சாதாரண நாட்களில் மல்லிவேர், பூண்டு, வெள்ளை மிளகு மூன்றையும் உரலில் இடித்து வதக்குவார்கள். ஜே நாட்களில் பூண்டு விலகிக்கொள்ளும், மிளகின் வேலை கூடும். தொட்டுக்கொள்ளும் இனிப்பு மிளகாய்ச் சாஸிலும் பூண்டு இருப்பதால் அதற்குப் பதில் உப்பிட்ட ப்ளம் பழத்தில் காய்ச்சிய புளிப்பு இனிப்புச் சாறு வரும். என்னைக் கேட்டால் இந்தப் பண்டத்துக்கு அதுதான் பொருத்தம். மிளகாய்ச் சாஸ் தோலின் ருசியை மூடிவிடும், ப்ளம் சாறு அதை எடுத்துக்காட்டும்.

நான் ஏர் ஃப்ரையரில் இதைச் செய்யத் தொடங்கியபோது எதிர்வீட்டு அம்மாளுக்கு அது சரியாகப் படவில்லை. தியோச்சூ வம்சம், எழுபதைக் கடந்தவர், ஜே நோன்பைச் சிறுவயது முதல் விடாமல் காப்பவர். “நீ பொரிக்காமலே பொரித்த ருசி கேட்கிறாய். யாவராத்தில் ஒருவன் வாத்தைக் கொல்லாமலே வாத்து ருசி விற்கிறான். இரண்டு பேரும் எதை விட்டீர்கள்?” என்று கேட்டார்.

வெறும் சண்டைக்காகக் கேட்ட கேள்வி இல்லை இது. எதையும் விடாமல் விட்ட பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளும் பழக்கம் எல்லா மதத்தாரிடமும் உண்டு. அவருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஏர் ஃப்ரையரின் கூடைக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

மொறுமொறுப்பு எண்ணெயின் குணம் என்று நினைக்கிறோம். அது தண்ணீர் வெளியேறியதால் வருவது. 170, 180 டிகிரி எண்ணெயில் சுருளைப் போட்டதும் தோலிலுள்ள ஈரம் கொதித்துக் குமிழியாக வெளியேறுகிறது. நாம் கேட்கும் ‘சொர்ர்’ என்ற சத்தம் அந்த வெளியேற்றம்தான். ஈரம் போன இடத்தில் கோதுமையின் மாவுச்சத்தும் பசையமும் விறைத்துக்கொள்கின்றன, மேற்பரப்பு சிவக்கிறது. எண்ணெய் இதில் வெப்பத்தைச் சுமந்து வந்து எல்லா மூலைக்கும் சமமாகக் கொடுக்கிறது. பண்டத்துக்குள் போகும் எண்ணெயில் பெரும்பகுதி போவதும் பொரியும்போது அன்று, சட்டியிலிருந்து எடுத்து ஆறும்போதுதான். நுண்துளைகளில் இருந்த நீராவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுபடுகிறது. 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த கருவி, எண்ணெய் செய்த சுமைகூலி வேலையைக் காற்றிடம் கொடுத்தது. மேலே வெப்பச்சுருள், அதற்கு மேல் விசிறி, கீழே துளையிட்ட கூடை. காற்று எண்ணெயைவிட மந்தமாகத்தான் வெப்பம் கடத்தும். அதனால் வேகமாக வீசி, பண்டத்தைச் சுற்றிப் படியும் ஈரப்படலத்தை உடனுக்குடன் அடித்துச் செல்கிறது.

எண்ணெய் முழுக்கவும் விலகிவிடாது. கூடையில் இடும் முன் தூரிகையால் எல்லாப் பக்கமும் ஒரு மெல்லிய பூச்சு வேண்டும். பூச்சு படாத இடம் வெளுத்து, வறட்டு மாவாக நிற்கும். ஆனால் உண்மையான உழைப்பு அதற்கு முன்பே நடந்துவிட வேண்டும், எல்லாம் ஈரத்தை விரட்டும் உழைப்பு. கோஸை நூலாக அரிந்து, அகன்ற வாணலியில் பெருந்தீயில், அதிலிருந்து தண்ணீர் வெளிவந்து மறுபடி வற்றும்வரை புரட்ட வேண்டும். நூடுல்ஸைக் கொதிநீரில் போடாமல் சாதாரண நீரில் ஊறவைத்துக் கத்தரியால் நறுக்கினால் அது மீதமிருக்கும் சாற்றைக் குடித்துக்கொள்ளும். பூரணத்தைத் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு சுற்றினால் உள்ளிருந்து ஆவி எழுந்து தோலை நனைத்துவிடும். தோலை மட்டும் ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும், அது காய்ந்தால் மடிக்கும்போது வெடிக்கும். முட்டைக்குப் பதில் மைதாப் பசையால் ஓரத்தை ஒட்டி, காற்றிடைவெளி இல்லாமல் இறுகச் சுற்றி, கூடையில் ஒன்றையொன்று தொடாமல் ஒரே வரிசையாக வைத்து, 190 டிகிரியில் பத்து நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பல். வெளியே எடுத்ததும் காகிதத்தில் வைக்கக் கூடாது, அடியில் ஆவி தங்கும். கம்பி வலைத் தட்டில் வைக்க வேண்டும்.

ஆகவே அம்மாளிடம் சொன்னேன்: நான் திருடியது எதுவும் இல்லை. எண்ணெய்க்குச் சொந்தமில்லாத ஒன்றை எண்ணெயில் பொரிக்காமல் பெறுகிறேன். மாவு வாத்தின் கதை வேறு, அங்கே உண்பவர் மனம் இன்னும் வாத்தின்மேல் இருக்கிறது. அதையும் நான் பழிக்க மாட்டேன். ஒரு வாத்து உயிரோடு இருக்கிறது, அது பெரிய விஷயம். மொறுமொறுப்பு யாருடைய உடலும் அல்ல, யாருக்கும் வலிக்காத இன்பம் அது. அதோடு, ஜே விதிகளில் எண்ணெய்க்குத் தடையே கிடையாது. எண்ணெயைக் குறைப்பது என் ரத்தக்குழாய்க்காக, தெய்வத்துக்காக அல்ல. அதை நோன்புக் கணக்கில் நான் எழுதவும் இல்லை.

அவர் சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: “வாத்து பிழைத்தது, சரி. உன் மனம் பிழைத்ததா?”

இந்த நாட்டில் அந்தக் கேள்விக்குப் பிக்குகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் முதலில் வியப்பது, தேரவாதப் பிக்குகள் புலால் உண்பதைப் பார்த்துத்தான். தனக்காகக் கொன்றதைக் கண்டோ, கேட்டோ, ஐயுற்றோ இராத இறைச்சியை ஏற்கலாம் என்பது பிக்குகளுக்கான விநய விதி. சங்கத்தில் எல்லோரும் மீனும் இறைச்சியும் தவிர்க்கக் கட்டாய விதி வேண்டும் என்று தேவதத்தன் என்ற பிக்கு கேட்டான், அவன் வைத்த ஐந்து கோரிக்கைகளில் அது ஒன்று. புத்தர் மறுத்தார். விரும்பியவர் தவிர்க்கலாம், சட்டமாக்க மாட்டேன் என்றார். புலாலை முற்றாக விலக்கியதும், ஐந்து காரவாசனைப் பொருள்களை விலக்கியதும் பிற்பாடு மகாயானம் வளர்த்த மரபு. ஜே நோன்பின் வேர்களில் ஒன்றும் அங்கே இருக்கிறது. ஆக ஒரே தெருவில் காலையில் கிண்ணத்தில் விழுந்ததைத் தெரிவு செய்யாமல் உண்ணும் துறவியும், தெரிவின் மேலேயே நோன்பை நிறுத்தும் இல்லறத்தாரும் ஒருவரையொருவர் கைகூப்பிக் கடந்துபோகிறார்கள். வடகிழக்கு இசான் பகுதியில் அஜான் மன், அஜான் சா வழிவந்த வனப் பிக்குகள் இனிப்பையும் குழம்பையும் பழத்தையும் ஒரே கிண்ணத்தில் இட்டு, நாளுக்கு ஒருமுறை உண்கிறார்கள். விளையாட்டுக்கும் செருக்குக்கும் உடல் அழகுக்கும் அல்ல, உயிர் தரிக்க மட்டுமே இந்த உணவு என்று நினைவூட்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அவர்கள் நாக்கின் சிக்கலைத் தேர்வையே கைவிட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

எனக்கு அந்த வழி இல்லை. நான் கடைக்குப் போகிறவள், என்ன சமைப்பது என்று தினமும் முடிவெடுக்கிறவள். வள்ளுவரின் அதிகார வரிசையை இந்தக் கோணத்தில் பார்த்தால் எனக்கு நெடுநாள் யோசிக்க இருக்கிறது. புலால் மறுத்தலை அவர் துறவறவியலில் வைத்தார். விருந்தோம்பலையும் ஈகையையும் இல்லறவியலில் வைத்தார். உரைகாரர்கள் இதற்குப் பல விளக்கம் சொல்லலாம். எனக்குப் படுவது இது: வீட்டில் இருப்பவளுக்கு அறம் முதலில் எதிரே நிற்பவரின் தட்டில் தொடங்குகிறது. தன் தட்டில் எதை விடுவது என்பது அதற்குப் பிறகு வருகிறது.

அதற்காக என் மனத்தைப் பற்றிய அம்மாளின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பௌத்தம் இங்கே ஒரு நுட்பமான கோடு போடுகிறது. புலன் பொருளைத் தொடுகிறது, இன்ப உணர்வு எழுகிறது, வேட்கை எழுகிறது. இந்த மூன்றும் தனித்தனிக் கண்ணிகள். இரண்டாவது தானாக நிகழும். மூன்றாவது நிகழத்தான் வேண்டும் என்பதில்லை. பல் பட்டதும் தோல் நொறுங்கும் சத்தம் தாடை எலும்பு வழியாகக் காதுக்குப் போகிறது, மிளகு மூக்கில் ஏறுகிறது. அந்த இன்பம் குற்றமற்றது என்றே நம்புகிறேன். ‘இன்னொன்று’ என்று கை நீளும் கணம் வேறு. என் சின்னக் கூடையில் ஒரு ஈட்டுக்கு ஏழெட்டுக்கு மேல் கொள்ளாது. அடுக்கினால் காற்று புகாது. அதனால் கை நீளும் கணத்தில் கூடை காலியாக இருக்கிறது, அடுத்த ஈடு வெந்துகொண்டிருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் என் வேட்கையை நான் பார்க்க முடிகிறது. பெரிய சட்டியில் மலையாகப் பொரித்துக் குவிக்கும்போது அதைப் பார்க்க எனக்கு இடைவெளியே கிடைப்பதில்லை.

ஆண்டாளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருப்பாவைப் பெண்கள் நோன்பின் தொடக்கத்தில் நெய்யையும் பாலையும் விடுகிறார்கள், மையையும் மலரையும் விடுகிறார்கள். இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் முழங்கை வரை வழிகிற பாற்சோற்றோடு எல்லாமே திரும்பி வருகின்றன, அதுவும் எல்லோரும் சேர்ந்து உண்ணும் பந்தியில். நெய் கெட்டது என்பதால் அவர்கள் அதை விடவில்லை. விட்டிருந்தால் திரும்ப அழைத்திருக்க மாட்டார்கள். அந்தப் பாசுரங்களுக்கு இந்த ஊரிலும் ஒரு தடம் இருக்கிறது. பெரிய ஊஞ்சல் அருகே உள்ள தேவஸ்தானில் அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய், திரிபாவாய் சடங்குகள் திருவெம்பாவை, திருப்பாவையின் பெயரைச் சுமப்பவை. ஊஞ்சலாடும் பகுதி 1935இல் நின்றுபோனது, பூசை நிற்கவில்லை.

இவ்வளவும் உண்பவளாக நான் சொன்னது. கொடுப்பவளாக நிற்கும்போது சிக்கல் இன்னும் கடினமானது.

எங்கள் சந்தில் விடியும்போது பிக்குகள் வருவார்கள். முதல் நாள் இரவே சுற்றி, மூடி, குளிர்பெட்டியில் வைத்த சுருள்களை விடியுமுன் எழுந்து கூடையில் இடுகிறேன். கிண்ணத்தில் போகும்போது அவை அருமையாக இருக்கும். ஆனால் அவர் இன்னும் பல வாசல்கள் நடக்க வேண்டும், விகாரைக்குத் திரும்ப வேண்டும், ஓத வேண்டும். பக்கத்திலேயே ரப்பர் பேண்ட் போட்ட பையில் யாரோ இட்ட சூடான குழம்பு இருக்கும். அவர் வாய்க்குப் போகும்போது என் சுருள் நமுத்துப் போயிருக்கும். வனப் பிக்குவாக இருந்தால் அது மாம்பழத்தோடும் குழம்போடும் கலந்திருக்கும். அப்படியென்றால் அந்தப் பதத்துக்காக நான் எடுக்கும் சிரமம் யாருக்கு? எப்படியும் நமுக்கப் போவதை மொறுமொறுப்பாகச் செய்வது என் சமையல் பெருமைக்கு நானே இடும் படையலா?

இதைக் கேட்டபோது அம்மாள்தான் எனக்கு வழி காட்டினார். தானத்துக்கு மூன்று காலம் உண்டு என்று இங்கே சிறு பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். கொடுக்கும் முன் மனம் மகிழ வேண்டும், கொடுக்கும்போது தெளிய வேண்டும், கொடுத்த பின் நிறைய வேண்டும். புத்தரின் போதனைத் தொகுப்பான அங்குத்தர நிகாயத்திலேயே உள்ள பாகுபாடு அது. “மொறுமொறுப்பு முதல் காலத்தைச் சேர்ந்தது. அது பிக்குவின் வாய்வரை வரத் தேவையில்லை, உன் கையில் இருந்தால் போதும்,” என்றார். “நீ தடுமாறுவது மூன்றாவதில். கொடுத்த பிறகும் பைக்குப் பின்னாலேயே நடந்து போகிறாய்.”

மூன்றாவதன் கனம் என்ன என்பது கொல்லன் சுந்தனின் கதையில் தெரியும். பாவா என்ற ஊரில் அவன் புத்தருக்கு இட்ட உணவே அவருடைய கடைசி உணவு. அதிலிருந்த சூகரமத்தவம் பன்றியிறைச்சியா, ஒருவகைக் காளானா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். காளான் என்ற கட்சியை நினைத்துத்தான் கருங்காளானை ஊறவைக்கும்போதெல்லாம் அவன் நினைவு வருகிறதோ என்னவோ. அதை உண்டபின் புத்தருக்கு வயிற்றில் கடும் நோய் கண்டது, குசிநாராவில் பரிநிர்வாணம் அடைந்தார். வலிக்கு நடுவிலும் அவர் தன் சீடர் ஆனந்தரிடம் சுந்தனைப் பற்றிப் பேசினார். அவன் மனத்தில் யாரும் குற்றவுணர்வை ஏற்றிவிடக் கூடாது. ஞானம் பெறுவதற்கு முன் உண்டதும் பரிநிர்வாணத்துக்கு முன் உண்டதும் பயனில் ஒன்றுக்கொன்று சமம், மற்ற எல்லா உணவையும் விட மேல் என்று அவனிடம் சொல் என்றார். ஞானத்துக்கு முந்தைய உணவு சுஜாதை கொடுத்த பால்சோறு என்பது மரபு. ஒன்று உடலைத் தேற்றியது, மற்றொன்று உடலைச் சாய்த்தது. விளைவை வைத்து எடைபோட்டால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கவே முடியாது. அவர் வைத்தார். கொடுத்தவன் கையை விட்டுப் போனபின் உணவுக்கு நேர்வதைக் கொடுத்தவன் தலையில் ஏற்றவில்லை. சமைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கருணையை யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதைச் சாக்காக்கி, எண்ணம் நன்றாக இருந்தால் போதும், பண்டம் எப்படிப் போனால் என்ன என்று இருந்துவிடக் கூடாது. சுந்தன் அன்று தன்னால் இயன்ற அளவு நன்றாகத்தான் சமைத்தான், இருந்ததில் சிறந்ததைத்தான் இட்டான். கை எட்டும் தூரம்வரை கவனம் முழுமையாகப் போக வேண்டும். பெறுபவருக்குப் பொருந்துவதைக் கொடுப்பதும் கவனம்தான். அம்மாள் இன்றும், பிக்குவுக்கு என்றால் அவித்த பண்டமாகச் செய், ஆறினாலும் கெடாது என்று சொல்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. நான் இன்னும் சுருளை விடவில்லை. கிண்ணத்துக்குப் போகிறவற்றின் பூரணத்தை மற்றவற்றைவிட வறட்டிக்கொள்கிறேன். தோல் தளர்ந்தாலும் உள்ளே ருசி நிற்கும்படி மிளகையும் காளானையும் கூட்டுகிறேன். கூடையில் இரண்டு நிமிடம் அதிகம் வைத்து, கம்பித் தட்டில் ஆவி முழுக்க அடங்கும்வரை ஆறவிட்டு, பிளாஸ்டிக் பையை விட்டுக் காகிதப் பையில் இடுகிறேன். ப்ளம் சாறு தனிப் பொட்டலத்தில். அடுத்த ஈடு எதிர்வீட்டுக்கு, சூட்டோடு, கடித்ததும் உடையும் பதத்தில். அவருக்குத் தருவதற்கும் பிக்குவுக்கு இடுவதற்கும் சுற்றும் கை ஒன்றுதான். பை கிண்ணத்தில் விழுந்ததும் நான் உள்ளே வந்து கூடையைக் கழுவத் தொடங்கிவிடுகிறேன். சில காலைகளில் மனம் இன்னும் அந்தப் பையின் பின்னால் கொஞ்ச தூரம் போகத்தான் செய்கிறது.